ஒரே அச்சுக்கு இரண்டு இன்ஜின்: வீட்டுப் பட்டறையில் கோ-கார்ட் கட்டுவோருக்கு

சொந்தமாக ஒரு கோ-கார்ட் (சின்ன இன்ஜின் பூட்டிய, கூரையில்லாத நான்கு சக்கரக் குட்டி வண்டி) கட்டி, அது ஓடவும் தொடங்கிவிட்டால், அடுத்து வரும் ஆசை இன்னொரு இன்ஜினையும் சேர்த்தால் என்ன என்பதுதான். நல்ல ஆசை. பெரிய இன்ஜின் ஒன்றை வாங்கி, அதற்கேற்ற கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் தேடி அலைவதைவிட, தண்ணீர் பம்பிலும் களை எடுக்கும் பவர் வீடரிலும் வரும் சின்ன இன்ஜின் இரண்டை வைத்துக் கட்டுவது எளிது. பிளக், பில்டர், கயிறு எல்லாம் விவசாயக் கருவி விற்கும் கடைகளிலேயே கிடைக்கும்.

இது புது யோசனையும் இல்லை. 1956ல் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் கட்டிய முதல் கோ-கார்ட்டில் இருந்தது புல்வெட்டிக்காகச் செய்யப்பட்ட வெஸ்ட் பெண்ட் இன்ஜின் ஒன்றுதான். சில ஆண்டுகளுக்குள்ளேயே மெக்கல்லக் இன்ஜின்களை இரண்டாகப் பூட்டிய கார்ட்டுகள் பந்தயத்துக்கு வந்துவிட்டன. பிரான்சில் சிட்ரோன் நிறுவனம் 2சிவி சஹாரா என்று ஒரு காரையே விற்றது. முன்னால் ஒரு 425 சி.சி. இன்ஜின் முன்சக்கரங்களுக்கு, பின்னால் இன்னொன்று பின்சக்கரங்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்ரோல் டேங்க், தனி கியர்பாக்ஸ். டிரைவர் கையில் ஒரே கியர் லிவர், காலில் ஒரே ஆக்சிலேட்டர். ஒன்று நின்றாலும் மற்றதை வைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். 1960 முதல் 1971 வரை 694 வண்டிகள்தான் வந்தன. ஆனால் அதில் உள்ள பாடம் நமக்கு அப்படியே பொருந்தும். இரண்டு இன்ஜினையும் ஒன்றோடொன்று பூட்டாதீர்கள். இரண்டையும் தனித்தனியே சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். எந்த நேரத்திலும் ஒன்று நிற்கலாம், நின்றால் மற்றதற்குப் பாரமாக இருக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாமே அந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

வேகம் எங்கிருந்து வருகிறது

முதலில் ஒரு கணக்கு. இரண்டு இன்ஜின் வைத்தால் வேகம் தானாக இரட்டிப்பாகாது. பவர்தான் இரட்டிப்பாகும். உதாரணத்துக்கு ஹோண்டா ஜி.எக்ஸ்.160 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 163 சி.சி., 3600 ஆர்.பி.எம்.மில் 4.8 எச்.பி., 2500ல் 10.3 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). பின் டயரின் விட்டம் 11 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 88 செ.மீ. நகரும். இன்ஜின் ஆறு சுற்றும்போது அச்சு ஒரு சுற்று சுற்றும்படி வைத்தால், 3600 ஆர்.பி.எம்.மில் வண்டி மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் போகாது. அதே விகிதத்தில் இரண்டு இன்ஜின் வைத்தாலும் அதே 32 தான். சீக்கிரம் அந்த வேகத்தை எட்டும், மேட்டில் திணறாது, அவ்வளவே.

விகிதத்தை நான்குக்கு ஒன்றாக மாற்றுங்கள். இப்போது 47 கி.மீ. வரை வரும். ஒரே இன்ஜினாக இருந்தால் இந்த விகிதத்தில் கிளம்பவே சிரமப்படும், கிளட்ச் வழுக்கிக் கருகும். இரண்டு இருக்கும்போது அச்சுக்குப் போகும் டார்க் 10.3ஐ இரண்டால் பெருக்கி நான்கால் பெருக்கினால் 82 சொச்சம். ஒற்றை இன்ஜின் ஆறு விகிதத்தில் கொடுத்தது 62தான். இழுவையும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. இரட்டை இன்ஜினின் உண்மையான லாபம் இதுதான்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. அரை அங்குல பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம்) செயினுக்கு 12 பல் கிளட்ச் வைத்து ஆறு விகிதம் வேண்டுமென்றால் அச்சில் 72 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட வேண்டும். அதன் விட்டம் 29 செ.மீ.க்கு மேல், டயரைவிடப் பெரிது, தரையில் உரசும். நான்கு விகிதத்துக்கு 48 பல் போதும். விட்டம் 19 செ.மீ. சொச்சம்தான். தரைக்கும் செயினுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் மிஞ்சும்.

இன்ஜின் வாங்கும்போது

இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். சி.சி. வேறுபட்ட இன்ஜின்களையும் ஸ்ப்ராக்கெட் அளவை மாற்றிச் சேர்க்க முடியும், ஆனால் முதல் வண்டிக்கு அந்தத் தலைவலி வேண்டாம். பம்புக்கென்று வரும் இன்ஜின்களில் ஷாஃப்ட் மறை போட்டதாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது நேரான, கீவே (கீ என்ற சின்ன இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம்) வெட்டிய ஷாஃப்ட். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 19.05 மி.மீ., 20 மி.மீ. என்று இரண்டு அளவிலும் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிளட்ச் ஏறாமலும் போகும், ஏறி ஆடவும் செய்யும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அதே சி.சி.யில் அதற்குப் பவர் குறைவு.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது

புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். படத்தில் பார்க்க அழகாக இருக்கிறதே என்று, இரண்டு இன்ஜினையும் ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி இடமும் வலமுமாக வைத்துவிடுவார்கள். இந்த வகை இன்ஜின்கள் ஷாஃப்ட் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். இரண்டும் ஒரே மாடல் என்பதால், முகம் பார்த்து வைத்தால் ஒன்று அச்சை முன்னுக்குத் தள்ளும், மற்றது பின்னுக்குத் தள்ளும். இரண்டு ஷாஃப்டையும் நேருக்கு நேர் கப்ளிங் போட்டு இணைக்கலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். அப்படி இணைத்தால் ஒன்றை ஒன்று முறுக்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

வேறு வழியில் திசையைச் சரிசெய்து கிராங்க் ஷாஃப்டுகளை இறுக்கமாக இணைத்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு பேரிங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நூலளவு கோணினாலும் பேரிங்கோ கிராங்கோ போகும். ஒன்றில் ஆயில் தீர்ந்து பிஸ்டன் பிடித்துக்கொண்டால், மற்றது அதை விடாமல் இழுத்துக் கனெக்டிங் ராடை உடைக்கும். கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள்தான், ஆனால் முதல் வண்டிக்கு உகந்ததல்ல.

செய்ய வேண்டியது இது. இரண்டு இன்ஜின்களின் ஷாஃப்டும் டிரைவரின் இடது கைப்பக்கம் பார்க்கட்டும். வண்டி முன்னே போகும்போது இடப்புறமிருந்து பார்த்தால் சக்கரமும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். செயின் திசையை மாற்றாது என்பதால் கணக்கு சரியாக வரும். ஒரு இன்ஜினை அச்சுக்கு முன்னால், சீட்டுக்குப் பின்புறம் வையுங்கள். மற்றதை அச்சுக்குப் பின்னால் வையுங்கள். அச்சில் இரண்டு ஸ்ப்ராக்கெட், பக்கத்தில் பக்கத்தில். இரண்டு செயினும் உரசாதபடி பின் இன்ஜினைச் சற்றே பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

சைலன்சர் எங்கே ஊதுகிறது என்று பாருங்கள். முன் இன்ஜினின் சூடான புகை பின் இன்ஜினின் டேங்க் மீதோ பெட்ரோல் டியூப் மீதோ பட்டால், அந்த இடம் கண்டிப்பாக மாற வேண்டும், அல்லது நடுவில் தகடு தடுப்பு வர வேண்டும். கயிறு இழுக்கும் பக்கம்தான் குளிர்காற்று உள்ளே போகிறது. அங்கே ஒரு சாண் இடமாவது திறந்திருக்கட்டும். இன்ஜினின் அடித்தளம் மட்டமாக உட்கார வேண்டும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இவற்றில் ஆயில் பம்ப் கிடையாது, சிதறி அடித்துத்தான் ஆயில் மேலே போகிறது. சாய்த்து வைத்தால் ஆயில் போய்ச் சேராது.

சட்டமும் அச்சும்

சட்டத்துக்கு ஒரு அங்குல அல்லது ஒன்றேகால் அங்குல எம்.எஸ். (சாதா இரும்பு) பைப், 2 மி.மீ. கனத்தில். இன்ஜின் உட்காரும் இடத்தில் 6 மி.மீ. தகடு, அதன் அடியில் குறுக்குப் பைப். தகட்டில் போல்ட் துளைகளை நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். இன்ஜினை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினை இறுக்கப் போகிறோம். முன் இன்ஜினை முன்னால் தள்ளினால் அதன் செயின் இறுகும், பின் இன்ஜினைப் பின்னால் தள்ளினால் அதனுடையது இறுகும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. வெல்டிங் வேலை எல்லாவற்றையும் இன்ஜின் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வெல்டிங் கரண்ட் இன்ஜினின் பேரிங் வழியாகவும் காயில் வழியாகவும் ஓடக் கூடாது.

அச்சுக்கு 30 மி.மீ. இ.என்.8 ரக எஃகுக் கம்பி, அதைத் தாங்க யு.சி.பி.206 அளவுப் பேரிங் பிளாக்குகள். இரட்டை இன்ஜின் வண்டியில் இரண்டு பிளாக் போதாது, ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு அருகே மூன்றாவது ஒன்று போடுங்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கம்பியைக் கையால் சுற்றும்போதே இறுக்கம் தெரியும். கீ விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்ப்ராக்கெட் ஒவ்வொன்றிலும் உள்ள கீ ஒரு இன்ஜினின் பாரத்தை மட்டும் சுமக்கும். வீல் ஹப்பில் உள்ள கீ இரண்டின் பாரத்தையும் சுமக்கும், பிரேக் பாரமும் அதன் மேல்தான். லேத்காரரிடம் 8 மி.மீ. கீவே வெட்டச் சொல்லுங்கள். செட் ஸ்க்ரூவை மட்டும் நம்பி ஹப்பைப் பூட்டாதீர்கள்.

ஒரு பின்சக்கரத்துக்கு ஒரு இன்ஜின் என்று பிரித்துக் கொடுக்கும் யோசனை சிலருக்கு வரும். செய்யாதீர்கள். ஓட்டத்தில் ஒன்று நின்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கிளட்ச், செயின்

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு சென்ட்ரிபியூகல் கிளட்ச். இன்ஜின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் பிடிக்காது, சுமார் 1800 முதல் 2200 ஆர்.பி.எம்.மைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். வண்டி கிளம்ப இது உதவுகிறது என்பது பாதிதான். நமக்கு முக்கியம் மற்ற பாதி. ஓட்டத்தில் ஒரு இன்ஜின் நின்று, அதன் ஆர்.பி.எம். அந்த அளவுக்குக் கீழே இறங்கியதும் ஷூக்கள் சுருங்கிவிடும். டிரம் மட்டும் செயினோடு சும்மா சுற்றும், இன்ஜின் அசையாது. சஹாராவின் தனி கியர்பாக்ஸ் செய்த வேலையை இங்கே ஒரு சின்ன கிளட்ச் செய்துவிடுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தால்தான் ஒரே ஆர்.பி.எம்.மில் பிடிக்கும்.

டிரம்மின் நடுவில் ஒரு புஷ் (தேய்மானம் தாங்கும் உலோக வளையம்) இருக்கும். ஓட்டத்துக்கு முன் அதில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள், ஷூவில் படாமல். நின்ற இன்ஜினின் மேல் டிரம் சுற்றும்போது தேயப்போவது இந்தப் புஷ்தான்.

கிளட்ச் ஸ்ப்ராக்கெட் 420 செயினுக்கானது என்றால் அச்சு ஸ்ப்ராக்கெட்டும் அதே அளவில் இருக்க வேண்டும். பைக்கில் பரவலாக வரும் 428 செயினுக்கும் பிட்ச் ஒன்றே என்பதால் மாட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அது அகலம் கூடியது, பக்கவாட்டில் ஆடும். நேராக இருக்கிறதா என்று பார்க்க, அச்சு ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துக் கிளட்ச் பல் வரை நீட்டுங்கள், இல்லையென்றால் நூல் பிடித்துப் பாருங்கள். செயின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும்.

ஐட்லர் (செயினின் தளர்வை எடுக்கும் சின்னச் சக்கரம்) போட வேண்டிய நிலை வந்தால் பக்கம் பார்த்துப் போடுங்கள். முன் இன்ஜினின் செயினில் மேல் பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் தளரும். பின் இன்ஜினில் இது தலைகீழ், தளர்வது மேல் பக்கம். ஐட்லர் எப்போதும் தளரும் பக்கத்தில்தான்.

ஒரே பெடல், ஒரே ஸ்விட்ச்

பெடலில் இருந்து இரண்டு கேபிள் கிளம்பும். பெடலின் நுனியில் சின்னத் தராசுக் கட்டை ஒன்று வைத்து, அதன் இரு முனையில் கேபிள்களைக் கட்டாதீர்கள். ஒரு கேபிள் அறுந்தாலோ சிக்கினாலோ மற்றதும் கெடும். இரண்டையும் பெடலிலேயே தனித்தனித் துளையில் கட்டி, ஒவ்வொன்றுக்கும் அட்ஜஸ்டர் நட்டு வையுங்கள். பெடலுக்கு ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங், இன்ஜினுக்கு ஒன்று. எது அறுந்தாலும் ஆக்சிலேட்டர் மூடிக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும் ஸ்விட்ச் விஷயத்தில் பலர் குழம்புவார்கள். இந்த இன்ஜின்கள் காயிலின் வயரைப் பாடியில் எர்த் செய்தால் நிற்கும். இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஸ்விட்ச்சில் கொடுத்தால், ஸ்விட்ச் திறந்திருக்கும்போதும் இரு காயிலும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும், மிஸ்ஃபயர் ஆகும். இரண்டு சர்க்யூட்டைத் தனித்தனியே இணைக்கும் டபுள் போல் ஸ்விட்ச் வாங்குங்கள். டிரைவர் மணிக்கட்டில் கயிறு கட்டி, விழுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் வகை இன்னும் நல்லது.

இரண்டையும் ஒத்துப்போக வைப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. செயின்களைக் கழற்றிவிட்டு இரண்டையும் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விடுங்கள். ஜி.எக்ஸ்.160க்கு ஐடில் 1400. பிளக் வயரில் சுற்றிவிடும் சின்ன ஆர்.பி.எம். மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. அதில் இரண்டையும் கிட்டத்தட்டச் சமமாக்குங்கள். பிறகு மீட்டரை விட்டுவிட்டுக் காது கொடுங்கள். சுருதி சேராத இரண்டு நாகஸ்வரம் போல, சத்தம் ஏறி ஏறி இறங்கும். ஐடில் ஸ்க்ரூவை மெல்லத் திருப்ப, அந்த ஏற்ற இறக்கம் நீண்டுகொண்டே போகும். கிட்டத்தட்ட இல்லாமல் போகும்போது நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியம் முழு பெடலில் உள்ள வேகம். இந்த இன்ஜின்களில் கேபிள் நேராகக் கார்புரேட்டரைத் திறப்பதில்லை, கவர்னரின் (வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவியின்) ஸ்பிரிங்கை இழுக்கிறது. செயினால் இணைந்த பிறகு இரண்டும் ஒரே ஆர்.பி.எம்.மில்தான் ஓடியாக வேண்டும். ஒன்றின் எல்லை 3600, மற்றதன் எல்லை 3400 என்று இருந்தால், 3500ல் வரும்போது இரண்டாவதன் கவர்னர் தன் த்ராட்டிலை மூடிவிடும். பெயருக்குத்தான் இரண்டு இன்ஜின், இழுப்பது ஒன்று. செயின் கழற்றிய நிலையில் பெடலை முழுவதும் அழுத்தி, சில விநாடிகள் மட்டும், இரண்டின் அளவையும் பார்த்துச் சமப்படுத்துங்கள். இன்ஜின் கையேட்டில் உள்ள எல்லைக்கு மேல் ஏற்றாதீர்கள். கவர்னரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வார்ப்பு ஃப்ளைவீல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, வெடித்தால் சிதறும் துண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

பிரேக்

வேகம் 32 கி.மீ.யில் இருந்து 47க்குப் போனால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது, கூடவே இன்னொரு இன்ஜினின் 15 கிலோவும் சேர்கிறது. பழைய வண்டியின் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது இன்ஜின் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அச்சில் பைக் டிஸ்க்கும் ஹைட்ராலிக் காலிப்பரும் போடுங்கள், முன்சக்கரங்களிலும் தனி பிரேக் வையுங்கள். பின் அச்சில் கீ அறுந்தால் கையில் மிஞ்சுவது அதுதான். செயின், கிளட்ச், டிஸ்க் மூன்றுக்கும் தகட்டுக் கவசம் கட்டாயம். துப்பட்டா, வேட்டி, தளர்ந்த சட்டை, பின்னாத முடி எதோடும் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

முதல் ஓட்டம்

பின் அச்சைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். முன் இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்து மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிறதா? இப்போது ஒரு டார்ச் எடுத்து, நிற்கும் பின் இன்ஜினில் கயிறு இழுக்கும் பக்கத்து வலைக்குள் அடித்துப் பாருங்கள். அதன் செயினும் டிரம்மும் சுற்ற வேண்டும், வலைக்குள் இருக்கும் விசிறி அசையாமல் நிற்க வேண்டும். விசிறியும் சேர்ந்து சுற்றினால் கிளட்ச் விடவில்லை என்று பொருள். புஷ் பிடித்திருக்கலாம், ஷூ ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அது சரியாகும் வரை வண்டியைத் தரையில் இறக்காதீர்கள். பிறகு இதையே மாற்றி, பின் இன்ஜினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பின்தான் இரண்டும் சேர்ந்து.

தரையில் கிளம்பும்போது பிரேக்கை மிதித்தபடி ஒன்றை ஸ்டார்ட் செய்து, அது ஐடிலுக்கு இறங்கிய பின் மற்றது. சோக் போட்ட இன்ஜின் சூடாகும் வரை காத்திருங்கள். முதல் சில சுற்று பாதி பெடலில் போதும்.

ஓடும் இடம் அடைத்த தனியார் மைதானமாக இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன்படி பதிவு செய்யாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது, வீட்டில் கட்டிய கார்ட்டுக்குப் பதிவு கிடைக்காது. தெருமுனை வரைதானே என்ற கணக்கு வேண்டாம். ஹெல்மெட், கையுறை, ஷூ, பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வளைவில் ஒரு இன்ஜின் திடீரென்று அணைந்து, நேரானதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதென்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் இந்த வகைகளில் உண்டு, வளைவில் ஆயில் ஒதுங்கும்போது அது வேலை செய்துவிடும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் 0.58 லிட்டர், ஒன்றை ஊற்றிவிட்டு மற்றதை மறக்கும் ஆட்கள் நிறைய. புது இன்ஜினில் முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேர ஓட்டத்தில்.

அரை மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, ஆறவிட்டு, எல்லா போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் பிடிக்கும் நான்கு போல்ட்டும் கிளட்ச் போல்ட்டும் முதலில். நைலாக் நட்டு போட்டிருந்தாலும் பாருங்கள். புது செயின் இரண்டும் நீண்டிருக்கும், மறுபடி இறுக்குங்கள். பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் பக்கம் பக்கமாக வையுங்கள். இரண்டும் ஒரே இளம் பழுப்பில் இருந்தால் பாரத்தைச் சமமாகப் பகிர்கின்றன. ஒன்று பழுப்பாகவும் மற்றது கரி படிந்து கறுப்பாகவும் இருந்தால் கறுத்ததற்கு வேலை போதவில்லை, அல்லது அதன் சோக் முழுவதும் திறக்கவில்லை. சோக்கைப் பார்த்துவிட்டு, அந்தக் கேபிளின் தளர்வை எடுத்து, செயினைக் கழற்றி முழு பெடல் அளவை மறுபடி சமப்படுத்துங்கள்.